குரலும் ஓர் அமானிதமே!

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

'பாட்காஸ்ட்' எனப்படும் வலையொலியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கல்விக் குழுவினர் கேட்டபோது நாம் தயங்கினோம். நாம் கணினி வல்லுநர் அல்லோம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட சமூக அறிவியல் ஆசிரியர். ஆயினும், நம் ஜமாஅத்தின் மாலை நேர வகுப்பிற்காகச் சென்ற கல்வியாண்டில் வலையொலி ஒன்றைத் தட்டுத் தடுமாறித் தொடங்கினோம். அதில் கற்றவற்றையும், செய்த பிழைகளையும் ஒளிவுமறைவின்றிச் சொன்னால், இனி இப்பணியில் இறங்குவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே நிற்கின்றோம்.

தொடங்கிய கதை

நம் மாலை வகுப்பு மஃரிபுக்குப் பின் தொடங்கி இஷா வரை நடைபெறுவதை அனைவரும் அறிவீர்கள். பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் வாரத்தில் நான்கு நாட்கள் வருவதே இல்லை. விசாரித்தோம். தந்தையை இழந்த பிள்ளை. தாயார் மாலையில் இடியாப்பம் பிழிந்து விற்றுக் குடும்பத்தைக் காக்கிறார். அதை வீடு வீடாகக் கொண்டு கொடுப்பது மகனின் வேலை. வகுப்பு நடக்கும் நேரமும் வியாபாரம் நடக்கும் நேரமும் ஒன்றே. காலாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் அவர் தேறவில்லை.

"ஏன் வரவில்லை?" என்று கேட்பது எளிது. "எப்படி வருவது?" என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் நம்மிடம் விடை இல்லை. ஆனால் அவர் அவ்வாறு கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சார், நீங்கள் வகுப்பில் சொல்வதைப் போனில் பேசி அனுப்பினால், அம்மா மாவு பிசையும்போது கேட்டுக்கொள்வேன்" என்றார். வலையொலிக்கு வித்திட்டது அந்த மாணவரின் அந்தச் சொல்தான்.

வலையொலி என்பது யாது?

பெரியோர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று. இலங்கை வானொலியும் அகில இந்திய வானொலியும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வானொலியில் நிகழ்ச்சி வரும் நேரத்திற்கு நாம் காத்திருக்க வேண்டும். வலையொலியில் நிகழ்ச்சி நமக்காகக் காத்திருக்கும். அதுவே முதல் வேறுபாடு. சரி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அனுப்பலாம், நாமும் அப்படித்தான் தொடங்கினோம். ஆனால் ஒரு வாரத்தில் அப்பதிவு கல்யாண அழைப்பிற்கும் காலை வணக்கத்திற்கும் அடியில் புதைந்துவிடும். வலையொலியிலோ பாடங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒருமுறை பின்தொடர்ந்தால் புதிய பகுதி வெளியானதும் தானே வந்து சேரும். நடுவில் சேர்ந்தவரும் முதல் பாடத்திலிருந்து கேட்கலாம்.

இதன் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றோம். இணையத்தில் புதிய செய்திகளைத் தானே கொண்டுவந்து தரும் செய்தியோடை முறையில், ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்பும் வழியை 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர் என்னும் அமெரிக்க மென்பொருளாளர் சேர்த்தார். 2004இல் ஆடம் கரி என்னும் முன்னாள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் இம்முறையைப் பரப்பினார். ஐபாட் என்னும் கையடக்கக் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் 'பிராட்காஸ்ட்' என்னும் சொல்லையும் இணைத்து, 'பாட்காஸ்டிங்' என்ற பெயரை அதே ஆண்டு பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் எழுதியவர் பென் ஹாமர்ஸ்லி. 2005 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்தது. அவ்வாண்டின் சொல்லாக 'பாட்காஸ்ட்' என்பதையே நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி தேர்ந்தெடுத்தது.

கல்வித் துறை இதை உடனே பற்றிக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில், வில்லோடேல் என்னும் தொடக்கப் பள்ளியின் சிறுவர் சிறுமியர் 'ரேடியோ வில்லோவெப்' என்ற பெயரில் தாங்கள் கற்றதைத் தாங்களே பேசி வெளியிட்டனர். ஆசிரியர் பேசிப் பிள்ளைகள் கேட்பதைவிட, பிள்ளைகள் பேசிப் பிறர் கேட்பதே சிறந்த கல்வி என்பதை அச்சிறுவர்கள் காட்டினர். கேட்டுக் கற்பதன் சிறப்பை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். திருவள்ளுவர் 'கேள்வி' என்றே தனி அதிகாரம் வகுத்திருக்கின்றார். மக்தபில் உஸ்தாத் ஓதக் கேட்டு, திரும்ப ஓதிப் பழகிய நமக்கு இதை விளக்கிக் கூறத் தேவையில்லை.

முதல் பதிவும் முதல் தோல்வியும்

முதல் பாடமாகப் பருவக்காற்றை எடுத்துக்கொண்டோம். பள்ளிவாசலை ஒட்டிய வகுப்பறையில், மேசையின் மீது கைப்பேசியை வைத்து, வகுப்பில் பேசுவதைப் போலவே உரத்த குரலில் 42 நிமிடங்கள் பேசினோம். மிகுந்த மனநிறைவோடு அனுப்பினோம். மறுநாள் அந்த மாணவரிடம், "கேட்டாயா?" என்றோம். "கேட்டேன் சார்" என்றவர், சற்றுத் தயங்கி, "பாதியில் தூங்கிவிட்டேன்" என்றார்.

வீட்டிற்கு வந்து நாமே அதைக் கேட்டோம். முழுவதும் கேட்க நம்மாலேயே இயலவில்லை! மின்விசிறியின் இரைச்சல், காலி அறையின் எதிரொலி, தெருவில் ஆட்டோவின் ஒலிப்பான், நடுவே பிறருடைய கைப்பேசி மணி. போதாதற்கு, "இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று மூன்று இடங்களில் சொல்லியிருந்தோம். காதால் கேட்பவர் எந்தப் படத்தைப் பார்ப்பார்? வகுப்பறையில் நம் கையும் கண்ணும் கரும்பலகையும் செய்யும் வேலையை வலையொலியில் சொல் ஒன்றே செய்தாக வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அதன்பின் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கின்றோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

முதலாவது, இடம். பெரிய அறையைவிடச் சிறிய அறை நல்லது. காலி அறையைவிடத் துணிமணிகள் நிறைந்த அறை நல்லது. துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். நாம் வீட்டில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் அமர்ந்து பேசினோம். வீட்டார் சிரித்தனர், ஆனால் பதிவு தெளிவாக வந்தது.

இரண்டாவது, நேரம். மின்விசிறியை நிறுத்த வேண்டும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும். பாங்கு ஒலிக்கும் நேரத்தைக் கருத்தில் கொண்டு, இரண்டு தொழுகைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாங்கின் நடுவே பாடத்தைப் பேசுவதும் முறையன்று. பதிவான பாங்கை நடுவில் வெட்டுவதற்கும் நம் மனம் ஒப்பாது.

மூன்றாவது, தொலைவு. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' என்னும் எழுத்து வரும் இடமெல்லாம் காற்று மோதி வெடிப்பது போல் கேட்கும். 'பருவக்காற்று' என்று சொல்லிப் பார்த்தாலே விளங்கும்.

நான்காவது, எழுத்து. முழுவதையும் எழுதி வாசித்தால் குரல் உயிரற்றுப் போகிறது. எதையும் எழுதாமல் பேசினால் பேச்சு வழிதவறிப் போகிறது. தொடக்கத்தையும் முடிவையும் முழுமையாக எழுதிக்கொண்டு, நடுப்பகுதிக்குக் குறிப்புகள் மட்டும் வைத்துக்கொள்வது நமக்குக் கைவந்தது. ஒரு பதிவில் ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை. எட்டு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று வரையறுத்துக்கொண்டோம்.

ஐந்தாவது, திருத்தம். ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான அது, இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. பேசத் தொடங்குமுன் ஐந்து நொடி மௌனமாக இருந்து பதிவு செய்தால், அந்த மௌனத்தில் உள்ள இரைச்சலை மாதிரியாகக் கொண்டு, பதிவு முழுவதிலும் உள்ள இரைச்சலை அம்மென்பொருள் குறைத்துத் தரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அளவுக்கு மீறிக் குறைத்தால், குரல் குடத்திற்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும்.

ஆறாவது, கோப்பின் அளவு. சுருக்கப்படாத 'வேவ்' கோப்பு, ஒற்றைத் தடத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 மெகாபைட் ஆகும். அதையே எம்.பி.3 வடிவில், நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் நிமிடத்திற்கு அரை மெகாபைட்டுக்கும் குறைவு. பாட்டுக்கு இது போதாது, பேச்சுக்குப் போதும். எட்டு நிமிடப் பாடம் 4 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். டேட்டாவை எண்ணிச் செலவிடும் வீடுகளுக்கு இது சிறிய சலுகையன்று.

ஏழாவது, வெளியீடு. ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனங்கள் கட்டணமின்றி வலையொலியை ஏற்றிவைக்க இடம் தருகின்றன. தலைப்பு, சிறு விளக்கம், சதுர வடிவிலான முகப்புப் படம் ஆகியவை தேவை. அங்கு ஏற்றியதும் ஒரு செய்தியோடை முகவரி கிடைக்கும். அதைப் பிற செயலிகளிலும் பதிந்துகொள்ளலாம். ஆனால் மூலக்கோப்பை நம் கையில் வைத்திருப்பது கட்டாயம். கூகுள் நிறுவனம் நடத்திவந்த 'கூகுள் பாட்காஸ்ட்ஸ்' சேவையே 2024இல் மூடப்பட்டுவிட்டது. பிறர் வீட்டுத் திண்ணையில் அமரலாம். நம் வீட்டுப் பத்திரத்தை அங்கு வைத்துவிட்டு வரலாகாது.

எட்டாவது, பிறர் உடைமை. தொடக்கத்தில் இனிமைக்காக ஒரு திரைப்பட இசையைச் சேர்க்கலாமே என்றார் ஓர் இளைஞர். அது பிறர் உழைப்பு. உரிமை பெறாமல் எடுக்கக் கூடாது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நூலின் உரிமை பொதுவாக ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். பாடநூலை அப்படியே வாசிப்பதைத் தவிர்த்து, பாடத்தை நம் சொற்களில் விளக்கினோம். அதுவே பிள்ளைகளுக்கும் எளிதாக இருந்தது.

மாவு பிசையும் வீட்டில்

இவ்வாறு திருத்தி, "ஆடி மாதத்தில் கேரளத்தில் மழை கொட்டும்போது நம் ஊரில் ஏன் காற்று மட்டும் வீசுகிறது?" என்ற ஒரே கேள்வியோடு முதல் பாடத்தை மீண்டும் பதிவு செய்தோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, அப்புறமே மழையைப் பொழிந்துவிட்டு, இப்புறம் வறண்ட காற்றாக இறங்குவதையும், அக்டோபர் முதல் வரும் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வருவதால் நமக்கு மழை கிடைப்பதையும் ஏழரை நிமிடத்தில் சொன்னோம்.

நான்கு நாட்கள் கழித்து அந்த மாணவரின் தாயாரைத் தெருவில் கண்டோம். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "சார், ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மலைதான் மழையை மறைக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. அடுத்த பாடம் எப்போது வரும்?" என்று கேட்டார். நாம் ஒரு மாணவருக்காகப் பேசினோம். அந்த வீட்டில் இரண்டு மாணவர்கள் இருந்திருக்கின்றனர்! நம் ஆசிரியப் பணியில் பெற்ற பாராட்டுகள் பலவற்றையும்விட, "அடுத்த பாடம் எப்போது வரும்?" என்ற அந்தக் கேள்வியே நமக்குப் பெரிதாகப் பட்டது.

நாம் செய்த பெரும் பிழை

இனி, சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பாடங்கள் நன்கு பரவத் தொடங்கியதும், பிள்ளைகளையே பேசவைக்க எண்ணினோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மிகத் தெளிவான உச்சரிப்புடையவர். அவரை வாசிக்கச் செய்து, தொடக்கத்தில் அவருடைய பெயரையும், வகுப்பையும், தெருவையும் பெருமையோடு அறிவித்து வெளியிட்டோம். வீட்டாரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. நம் பிள்ளை என்ற உரிமையில் செய்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ரியாத்திலிருந்து அவருடைய அத்தா அழைத்தார். சபரில் இருக்கும் அவர் கோபப்பட்டிருந்தால்கூட நமக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அமைதியாகச் சொன்னார்: "சார், என் மகள் பாடம் வாசித்து நான் கேட்டதே இல்லை. கேட்டுக் கண் கலங்கினேன். ஆனால் அதை எனக்குக் காட்டியது யார் தெரியுமா? என் அறையில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர். என் மகளின் பெயரும் தெருவும் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

நமக்குப் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அன்றே அப்பதிவை நீக்கினோம். ஆனால் நீக்கியது நம் பக்கத்திலிருந்து மட்டுமே. அதற்குள் தரவிறக்கம் செய்தவர் கையிலும், குழுக்களில் பகிரப்பட்ட இடங்களிலும் இருக்கும் படிகளை யாராலும் திரும்பப் பெற இயலாது. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்பார்களே, குரலும் அத்தகையதே.

சபையில் இருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வளைகுடாவிற்கு முதலில் சென்ற தலைமுறையினர் கடிதத்திற்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி, ஊருக்குத் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவார்கள். அந்த நாடாவை வழியில் எவரும் போட்டுக் கேட்க மாட்டார்கள். அது அமானிதம். உரியவர் கையில் சேரும்வரை அதைக் கட்டிக் காப்பது கொண்டு வந்தவரின் கடமை. அந்த ஒழுக்கத்தை அறிந்த ஊரில் பிறந்தும், ஒரு பிள்ளையின் குரலை ஊரறிய வைத்துவிட்டோமே என்று அன்றிரவு மிகவும் வருந்தினோம்.

அதன்பின் கல்விக் குழுவினரோடு அமர்ந்து நான்கு விதிகளை வகுத்தோம். பெற்றோர் இருவருக்கும் விளக்கிச் சொல்லி, எழுத்து மூலம் ஒப்புதல் பெறாமல் எந்தப் பிள்ளையின் குரலும் வெளிவராது. பெயர், பள்ளி, தெரு, புகைப்படம் எதுவும் இடம்பெறாது. வெளியிடுமுன் பதிவைப் பெற்றோர் முதலில் கேட்பார்கள். எப்போது வேண்டாம் என்றாலும், காரணம் கேளாமல் நீக்கப்படும். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதோரைச் சிறார் என வகுத்து, பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆனால் சட்டம் சொல்லுமுன்பே நமக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று இது.

விதிகள் எழுதிய தாளை ரியாத்துக்கும் அனுப்பினோம். பத்து நாட்கள் பதில் இல்லை. பின்னர் கையெழுத்திட்ட தாளின் படம் வந்தது. கீழே ஒரு வரி: "பெயர் வேண்டாம். வாசிக்கட்டும். முதலில் எனக்கு அனுப்பிவிடுங்கள்." இன்றுவரை அம்மாணவியின் பதிவுகளுக்கு முதல் செவி அவருடைய அத்தாவின் செவியே. உச்சரிப்பில் பிழை கண்டால் அங்கிருந்து திருத்தியும் அனுப்புகிறார்!

பயனும் எல்லையும்

வலையொலி எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று சொல்ல மாட்டோம். இடியாப்பம் கொண்டு கொடுக்கும் அந்த மாணவர் பொதுத்தேர்வில் சமூக அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றார். கணிதத்தில் மயிரிழையில்தான் தேறினார். வடிவியலைக் காதால் கற்பிக்க நம்மால் இயலவில்லை. தோளோடு தோள் அமர்ந்து கோடு போட்டுக் காட்டும் ஆசிரியருக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. செவித்திறன் குறைந்த பிள்ளை ஒருவர் நம் வகுப்பில் உண்டு. அவருக்காக ஒவ்வொரு பாடத்தையும் எழுத்து வடிவிலும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த எழுத்துப் படியைப் பிற மாணவர்களும் தேர்வு நேரத்தில் கேட்டு வாங்கினர் என்பது எதிர்பாராத நன்மை.

மற்றொன்று. வாகனம் ஓட்டும்போது காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கக் கூடாது என்பதை ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சொல்கின்றோம். மிதிவண்டியில் செல்லும் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். பாடம் வீட்டிற்குச் சென்றும் கேட்கலாம். பிள்ளை வீடு சேர வேண்டும்.

ஜமாஅத்தார் முன் ஒரு வேண்டுகோள்

மூன்று காரியங்களை இச்சபையின் முன் வைக்கின்றோம். ஒன்று, வகுப்பறையை ஒட்டிய சிறு பண்டக அறையை ஒழித்துக் கொடுத்தால், பழைய ஜமுக்காளங்களைச் சுவரில் தொங்கவிட்டே பதிவறை ஆக்கிக்கொள்ளலாம்; புதிய கட்டடம் வேண்டாம். இரண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஆளுக்கு ஒரு பாடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். எட்டு நிமிடம் பேசத் தெரிந்தால் போதும். மூன்று, நம் ஊரின் மூத்தவர்கள் தங்கள் சபர் அனுபவங்களையும், பழைய கப்பல் பயணங்களையும், ஊரின் குளம், சந்தை, தெருக்களின் வரலாற்றையும் பேச முன்வர வேண்டும். சென்ற ஆண்டில் நம்மை விட்டுப் பிரிந்த பெரியவர்களின் பெயர்களை இவ்வறிக்கையில் காண்கின்றோம். அவர்களோடு எத்தனை செய்திகள் போய்விட்டன என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய குரல் நம்மிடம் ஒரு நிமிடம்கூட இல்லை.

கற்பிக்க வந்த நாம் ஒரு மாணவரிடமிருந்து கேட்கும் விதத்தையும், ஒரு தாயிடமிருந்து கேள்வியின் அருமையையும், ஒரு தந்தையிடமிருந்து அனுமதி கேட்கும் ஒழுக்கத்தையும் கற்றுக்கொண்டோம். கருவிகளை இயக்குவதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பிறர் குரலைப் பேணுவதைத்தான் ஆயுள் முழுவதும் பழக வேண்டும்.